கொடுப்பதற்கு ஒன்று, வைப்பதற்கு ஒன்று

கேள்வி: குடியாத்தத்தில் அப்பா ஆரம்பித்த ஃபோட்டோ ஸ்டூடியோவை இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு ஐம்பது கல்யாண ஆர்டராவது வரும். போன மாதம் 4 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்துவிட்டது. செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, திறக்கவில்லை. டெலிவரி ஆகாத இரண்டு ஆல்பமும், அப்பா முப்பது வருஷமாக எடுத்த கெங்கையம்மன் சிரசு திருவிழா நெகட்டிவ்களின் ஸ்கேனும் அதில்தான் இருக்கின்றன. இனிமேல் எல்லாவற்றையும் கிளவுடில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கூகுள் டிரைவ் வாங்கு என்கிறான் தம்பி. ஆல்பம் டிசைனர் டிராப்பாக்ஸ்தான் நல்லது என்கிறார். வீடியோ எடிட்டரோ டெலிகிராம் போதும், காசே வேண்டாம் என்கிறார். ஒருமுறை பணம் கட்டினால் ஆயுசுக்கும் 2 டிபி என்று ஒரு விளம்பரமும் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு லிங்க் அனுப்பவும் வேண்டும். எதை வாங்கலாம் சார்?
– வாசகி, குடியாத்தம்

வணக்கம்மா.

எந்த கிளவுட் என்பதற்கு முன்னால் அந்த டிஸ்கைப் பற்றிப் பேசிவிடுவோம். உள்ளே சுழலும் தட்டுக்கு மேல் படிக்கும் முனை ஒன்று இருக்கிறது. அது தன் இடம் தெரியாமல் போய்ப் போய்த் திரும்புகிற சத்தம்தான் நீங்கள் கேட்கும் டிக் டிக். ஒவ்வொரு முறை கரண்ட் கொடுக்கும்போதும் அது தட்டைக் கீறலாம். கீறிய இடத்தில் இருந்த படம் போனது போனதுதான். அதனால் வேறு கேபிள் போட்டுப் பார்ப்பது, வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்ப்பது எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ரெகவரி சாஃப்ட்வேரும் வேண்டாம். தவறி அழித்த ஃபைலுக்குத்தான் அது உதவும், அடிபட்ட மெஷினுக்கு அல்ல. ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்று யாராவது வீடியோ அனுப்பியிருந்தால் சிரித்துவிட்டு அழித்துவிடுங்கள். தூசி இல்லாத அறையில் டிஸ்கைத் திறந்து வேலை பார்க்கும் லேப்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. செலவு கொஞ்சமாக இருக்காது. எதை மீட்க முடியும் என்று முதலில் பட்டியல் காட்டி, அதற்குப் பிறகு பணம் கேட்கிற இடமாகப் பார்த்துக் கொடுங்கள். ‘நானே கழற்றிப் பார்க்கிறேன்’ என்று உள்ளூரில் யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். காட்பாடியில் கடை வைத்திருக்கும் நானே கேட்டாலும்தான்.

இன்னொன்று. அப்பாவின் ஸ்கேன் போயிற்று என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, நெகட்டிவ் போயிற்று என்று எழுதவில்லை. அந்த நெகட்டிவ் கவர்கள் பரணில் எங்காவது இருந்தால், லேபுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மறுபடி ஸ்கேன் செய்யச் செலவிடலாம். முதலில் பரணைப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். தம்பி, டிசைனர், எடிட்டர் மூவர் சொன்னதும் தப்பில்லை. ஆனால் மூவரும் அவரவர் வேலையை வைத்துச் சொல்கிறார்கள். தம்பி தன் ஃபோன் படங்களை மனதில் வைத்துச் சொல்கிறார். டிசைனருக்கு ஒரே பிஎஸ்டி (ஃபோட்டோஷாப்) ஃபைல் நாலு தடவை போய் வர வேண்டும். எடிட்டருக்குப் பெரிய வீடியோவை ஒரு தடவை அனுப்பினால் போதும். மூன்றுமே ‘கொடுக்கிற’ வேலை. உங்களுக்கு நடந்த நஷ்டம் ‘வைக்கிற’ வேலையில் நடந்தது. அதைப் பற்றி மூவரில் ஒருவரும் பேசவில்லை.

இந்த வித்தியாசம் எனக்கே உறைத்தது ராணிப்பேட்டையில், ஒரு தோல் கம்பெனியின் கணக்குப் பிரிவில். ‘எல்லாம் கிளவுடில் இருக்கு சார்’ என்று எப்போதும் பெருமையாகச் சொல்லும் கணக்காளர் அவர். ஒருநாள் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்து சிவப்புக் கோடு காட்டியிருக்கிறது. கிளவுடில்தான் இருக்கிறதே என்ற தைரியத்தில் பழைய வருஷத்து ஃபோல்டர் நாலை அழித்துவிட்டார். ஆடிட்டர் அதைக் கேட்டது ஐம்பது நாள் கழித்து. நான் போய்ச் சேர்ந்தபோது கிளவுடின் டிராஷ் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மவுஸ் சக்கரத்தை உருட்டிக்கொண்டே இருந்தார். உருட்டுவதற்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. ‘கீழே இருக்கும் சார், இன்னும் லோடு ஆகல’ என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

நடந்தது இதுதான். கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மூன்றையும் கம்ப்யூட்டரில் நிறுவினால் அவை செய்வது சிங்க் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற எடுபிடிப் பையன் மாதிரி. இங்கே ஒரு படத்தை வைத்தால் அங்கேயும் வைப்பான். இங்கே அழித்தால் அங்கேயும் அழிப்பான், ‘நிஜமாவா அக்கா?’ என்று கேட்க மாட்டான். அழித்தது குப்பைக்கூடையில் கொஞ்ச நாள் கிடக்கும். கூகுள் டிரைவில் 30 நாள், தனிநபர் ஒன்டிரைவில் 30 நாள், டிராப்பாக்ஸின் இலவச, பிளஸ் திட்டங்களிலும் 30 நாள். அதற்குப் பிறகு கூடை தானாகவே காலியாகிவிடும்.

உங்கள் தொழிலுக்கு 30 நாள் எந்த மூலைக்கு? தை மாதம் கல்யாணம் முடிந்தால், படம் தேர்ந்தெடுக்கப் பொண்ணு வீட்டார் வருவது ஆடியில். மாப்பிள்ளை வீட்டாரிடம் மீதிப் பணம் வசூலாவது அடுத்த தீபாவளிக்கு. அதனால் கிளவுட் விற்பவரிடம் எத்தனை ஜிபி என்பதைப் பிறகு கேளுங்கள். தவறி அழித்தால் எத்தனை நாளைக்குள் திரும்ப எடுக்கலாம் என்பதுதான் முதல் கேள்வி.

வைரஸ் செய்யும் சேதமும் இதே வழியில்தான் கிளவுடுக்குப் போகிறது. 2017 மே மாதம் வானாக்ரை உலகத்தையே ஆட்டிவைத்தது நினைவிருக்கும். அந்த வகை வைரஸ் ஃபைலை அழிக்காது, பூட்டுப் போட்டுவிட்டுச் சாவிக்குக் காசு கேட்கும். பூட்டிய ஃபைலும் ‘மாற்றம்’தானே என்று எடுபிடிப் பையன் கிளவுடில் இருக்கும் நல்ல ஃபைலுக்கு மேலேயே அதை ஏற்றி வைத்துவிடுவான். பழைய பதிப்பை எடுத்துத் தருகிற வசதி இருந்தால் பிழைத்தோம்.

அடுத்து அளவு. இதில்தான் ஸ்டூடியோக்காரர்கள் பலரும் கணக்குப் போடாமல் பணம் கட்டிவிடுகிறார்கள். 4கே வீடியோவை 100 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 100 மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ரிசப்ஷன், முகூர்த்தம் இரண்டுக்கும் இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் நாலு மணி நேரம் என்றால் 360 ஜிபி. ரா ஃபோட்டோக்களையும் (கேமராவிலிருந்து வந்தபடியே இருப்பவை) சேர்த்து ஒரு கல்யாணத்துக்கு 400 ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை ஏற்றுவதற்கு உங்கள் ஃபைபர் லைனின் ஏற்றும் வேகம் வேண்டும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் சில கம்பெனியில் அதே அளவு இருக்கும், சிலவற்றில் குறையும். கடையில் உட்கார்ந்து ஒரு ஸ்பீட் டெஸ்ட் போட்டு ‘அப்லோடு’ என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 20 எம்பிபிஎஸ் என்று வந்தால், 400 ஜிபி ஏற 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வைகாசி, ஆவணி முகூர்த்த வாரத்தில் மூன்று கல்யாணம் வந்தால் முதல் கல்யாணம் ஏறி முடிவதற்குள் மூன்றாவது கல்யாணத்தின் மெமரி கார்டு கைக்கு வந்துவிடும். நடுவில் கரண்ட் போகும். மாத டேட்டா அளவும் தீரும்.

அதனால் ரா வீடியோவைக் கிளவுடில் போடாதீர்கள் என்பதே என் யோசனை. அதற்கு இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று கடையில், இன்னொன்று வீட்டில். ஒரே டிஸ்கை இரண்டாகப் பிரித்து வைப்பது இரண்டு பிரதி ஆகாது. கடையிலேயே இரண்டையும் அடுக்கி வைப்பதும் ஆகாது. 2021 நவம்பரில் பாலாற்றிலும், உங்கள் ஊர் கௌண்டன்ய மகாநதியிலும் வெள்ளம் போனதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே வருஷம் மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்தில் ஒரு பெரிய டேட்டா சென்டரே எரிந்து, வேறு இடத்தில் பிரதி வைக்காதவர்கள் கைவிட்டுப்போனதைத் திரும்ப எடுக்க முடியாமல் நின்றார்கள். தண்ணீரோ நெருப்போ, ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதை ஒரே நேரத்தில்தான் கொண்டுபோகும். நம் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரரையே பத்திரத்துக்காகச் சத்துவாச்சாரிக்குக் கொண்டுபோய் வைத்திருந்து, 1981-ல்தான் திரும்பக் கோட்டைக்குள் எழுந்தருளச் செய்தார்கள். வேறு இடத்தில் வைத்திருந்ததால்தான் திரும்பக் கொண்டுவர முடிந்தது.

டிஸ்க் வாங்கும்போது எஸ்எஸ்டியா (சுழலும் பாகமே இல்லாதது), பழைய சுழலும் வகையா என்று கேட்பீர்கள். தினசரி எடிட்டிங்குக்கு எஸ்எஸ்டி. கரண்ட் கொடுக்காமல் வருஷக்கணக்கில் பீரோவில் வைப்பதற்குச் சுழலும் வகைதான் என் கை போகிற இடம், ஏனென்றால் எஸ்எஸ்டி நெடுநாள் கரண்ட் இல்லாமல் கிடந்தால் எழுதியது மெல்லக் கரையலாம். சுழலும் டிஸ்க் கீழே விழக்கூடாது என்பது உங்களுக்கு இனி யாரும் சொல்லத் தேவையில்லை. வேலூர் வெயிலுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருக்கும் மேல் தட்டு மட்டும் வேண்டாம்.

கிளவுடுக்குப் போக வேண்டியது டெலிவரி கொடுக்கும் சரக்கு. தேர்ந்தெடுத்த ஆயிரம் ஜேபெக் படம், ஒன்று 8 எம்பி என்றால் 8 ஜிபி. இரண்டு மணி நேர முடித்த வீடியோ, 20 எம்பிபிஎஸ்ஸில் 18 ஜிபி. ஆக ஒரு கல்யாணத்துக்கு 26 ஜிபி. இது அதே 20 எம்பிபிஎஸ் லைனில் மூன்று மணி நேரத்துக்குள் ஏறிவிடும், ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம். கம்ப்யூட்டர் தானாகத் தூங்கப் போகாதபடி அமைப்பை மாற்றிவையுங்கள். ரவுட்டரையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள், பலர் அதை மறந்துவிடுவார்கள். ஐம்பது ஆர்டருக்கு 1300 ஜிபி. 2 டிபி திட்டம் உங்களுக்கு ஒன்றரை வருஷம் தாங்கும். வருஷக் கடைசியில் பழைய வீடியோக்களை டிஸ்குக்கு மாற்றினால் அதிலேயே ஓட்டலாம்.

கொடுப்பதற்கு நான் சொல்வது கூகுள். காரணம் தொழில்நுட்பம் அல்ல, வாடிக்கையாளர். பேரணாம்பட்டில் இருக்கும் பெரியப்பாவுக்கு லிங்க் போனால் அவர் ஃபோனில் புதிதாக எதுவும் நிறுவாமல் திறக்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு அது பழகிய இடம். இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி உங்களுக்கு ஒரு கல்யாணத்துக்கே காணாது. அதிலும் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15. 2021 ஜூன் 1-லிருந்து ஃபோட்டோஸில் ஏற்றும் படமும் கணக்கில் சேர்கிறது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-லிருந்து அதிலேயே சேர்கிறது. 2 டிபி திட்டம் மாதத்துக்கு 650 ரூபாய் அளவில் வரும், வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் குறையும். வாங்கும் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். படங்களை டிரைவில் போடுங்கள். ஃபோட்டோஸில் போட்டால் ‘ஸ்டோரேஜ் சேவர்’ என்று இருக்கிறதா பாருங்கள். அது 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படத்தைச் சுருக்கிவிடும். ஃபோனில் பார்க்கப் போதும், ஆல்பம் அச்சுக்கு ஆகாது.

டிசைனர் விஷயத்தில் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டிராப்பாக்ஸ் பெரிய ஃபைலில் மாறிய பகுதியை மட்டும் ஏற்றும். 800 எம்பி பிஎஸ்டியில் பெயரின் எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தினால் 800 எம்பியும் திரும்ப ஏறாது. ஒன்டிரைவிலும் இந்த வசதி உண்டு. அவரிடம் ஏற்கெனவே டிராப்பாக்ஸ் இருந்தால் அவருடைய ஃபோல்டரிலேயே பரிமாறிக்கொள்ளுங்கள், அதற்காக நீங்கள் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். இலவசக் கணக்கில் 2 ஜிபிதான், பகிர்ந்த ஃபோல்டர் உங்கள் கணக்கிலும் இடம் பிடிக்கும். வேலை முடிந்ததும் அந்த ஃபோல்டரிலிருந்து வெளியேறிவிடுங்கள். அதற்கு முன்னால் பிஎஸ்டியை உங்கள் டிஸ்குக்கு நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

டெலிகிராமுக்கு எடிட்டர் சொல்கிற காரணம் எனக்குப் புரிகிறது. ஒரு ஃபைல் 2 ஜிபி வரை காசில்லாமல் போகும். அனுப்பட்டும். வாட்ஸ்அப்பிலும் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் 2 ஜிபி வரை சுருங்காமல் போகும். ஆனால் அது தபால், பீரோ அல்ல. டெலிகிராம் கணக்கு நீண்ட நாள் சும்மா கிடந்தால் தானாகவே அழிந்துவிடும் அமைப்பு அதிலேயே இருக்கிறது. இலவச சேவை நமக்கு எந்த உத்தரவாதமும் எழுதிக் கொடுப்பதில்லை. 2020 மே மாதம் வீடிரான்ஸ்ஃபர் தளத்தை முடக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டபோது, அதை மட்டுமே நம்பியிருந்த டிசைனர்கள் ஒரே நாளில் திண்டாடினார்கள்.

ஆயுசுக்கும் 2 டிபி விளம்பரத்துக்கு வருகிறேன். அப்படி விற்கும் கம்பெனிகளில் உருப்படியானவையும் உண்டு, சுவிட்சர்லாந்தின் பிகிளவுட் மாதிரி. ஆனால் யாருடைய ஆயுசு என்று கேளுங்கள். அமேசானே தன் டிரைவ் சேவையை 2023 டிசம்பர் 31-ஓடு மூடியது. அவ்வளவு பெரிய கடையே ஒரு கவுண்டரை இழுத்து மூடும்போது, உங்கள் ஆயுசுக்கு யார் ஜாமீன்? மொத்தமாகக் கட்டும் அந்தப் பணத்தில் இரண்டு நல்ல டிஸ்க் வாங்கலாம்.

இப்போது வைக்கிற இடம். அப்பாவின் சிரசு ஸ்கேன்கள், கணக்குப் புத்தகம், ஒவ்வொரு கல்யாணத்தின் கடைசி ஜேபெக்குகள் ஆகியவற்றுக்குக் கூகுள் அல்லாத வேறு கம்பெனியில், வேறு மெயில் பெயரில் ஒரு கணக்கு தொடங்குங்கள். மைக்ரோசாஃப்ட் 365 பர்சனல் வாங்கினால் ஒன்டிரைவில் 1 டிபி வரும், கூடவே எக்செல், வேர்டும் கிடைக்கும். ஃபேமிலி திட்டத்தில் ஆறு பேருக்குக் கொடுப்பதாகச் சொல்வார்கள். அது ஆறு டிபி அல்ல, ஆறு தனித்தனி ஒரு டிபி. ஒருவர் இடத்தை இன்னொருவருக்குக் கடன் கொடுக்க முடியாது.

இந்தக் கணக்கில் ஒரே ஒரு விதி. கடைக் கம்ப்யூட்டரில் அது லாகின் ஆகி இருக்கவே கூடாது. சிங்க் சாஃப்ட்வேரும் நிறுவக்கூடாது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டு லேப்டாப்பில் பிரவுசர் வழியாக நீங்களே போய் அந்த மாதச் சரக்கை ஏற்றிவிட்டு லாகவுட் செய்துவிடுங்கள். கடையில் யார் எதை அழித்தாலும், எந்த வைரஸ் வந்தாலும் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்க வழி இருக்காது. கொஞ்சம் மெனக்கெடல்தான். இதையெல்லாம் தானாகச் செய்கிற பேக்பிளேஸ் மாதிரி சேவைகள் இருக்கின்றன. அதன் பி2 என்ற சேமிப்புச் சேவையின் விலையை 2023 அக்டோபரில் டெராபைட்டுக்கு மாதம் 6 டாலர் ஆக்கினார்கள். தம்பிக்குக் கமாண்ட் டைப் அடிக்கிற ஆர்வம் இருந்தால் பார்க்கட்டும். ஆனால் டாலரில் பணம் பிடிக்கும் சேவைகளுக்கு ஒரு தொல்லை உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கியின் ஆட்டோ டெபிட் விதி வந்ததிலிருந்து கார்டில் மாதாமாதம் பிடிக்கும் வெளிநாட்டுப் பணம் சில சமயம் தடைபடுகிறது. பணம் போகாதது நமக்குத் தெரியவருவதற்குள் இரண்டு நினைவூட்டல் மெயில் ஸ்பேமில் போய் உட்கார்ந்திருக்கும். உங்களுக்கு ரூபாயில், வருஷத்துக்கு ஒருமுறை கட்டுவதுதான் சௌகரியம்.

பூட்டு, சாவி விஷயத்தையும் கையோடு சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிற கேஸ்களில் டிஸ்க் போனதைவிடக் கணக்கே கைவிட்டுப் போனது அதிகம். ஸ்டூடியோ ஜிமெயிலை யார் ஆரம்பித்தார்கள்? முன்பு வேலை பார்த்த பையனா? ஓடிபி யார் நம்பருக்கு வருகிறது? அப்பாவின் பழைய நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துவிட்டால் அந்தக் கணக்கும் கூடவே போகும். உங்கள் நம்பருக்கு மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். அப்போது கூகுள் பத்து பேக்கப் குறியீடு கொடுக்கும். அதை அச்சடித்து நகை வைக்கிற இடத்தில் வையுங்கள், ஃபோனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்காதீர்கள். இரண்டு வருஷம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதனால் ‘அதில் பத்திரமா இருக்கு’ என்று மறந்துபோன பழைய ஜிமெயில் எதாவது இருந்தால் ஒருமுறை திறந்து பாருங்கள்.

லிங்க் அனுப்புவதில் இரண்டு தப்பு அடிக்கடி நடக்கிறது. ஒரு கல்யாணத்தின் ஃபோல்டருக்குப் பதில் அந்த வருஷத்தின் முழு ஃபோல்டருக்கே லிங்க் எடுத்துக் கொடுத்துவிடுவது ஒன்று. எனக்குத் தெரிந்த ஒரு ஸ்டூடியோவில் மணமகளின் சித்தி ஃபோன் செய்து, ‘எங்க பொண்ணு படத்தைத் தேடினா வேற யார் யாரோ நலங்கு வைக்கிறாங்களே’ என்று கேட்ட பிறகுதான் தெரிந்தது. இன்னொன்று, ‘லிங்க் உள்ள எவரும்’ என்பதோடு ‘எடிட்டர்’ உரிமையையும் (மாற்றவும் நீக்கவும் முடிகிற உரிமை) கொடுத்துவிடுவது. லிங்க் குடும்ப வாட்ஸ்அப் குரூப்புக்குப் போகும், அங்கிருந்து எத்தனை பேருக்குப் போகும் என்று நம் கையில் இல்லை. எடிட்டர் உரிமை இருந்தால் யாரோ ஒரு சின்னப் பையன் தனக்குப் பிடிக்காத படத்தை அகற்றிவிடலாம். ‘வியூவர்’ மட்டும் போதும். மணமகள் அலங்கார அறைப் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, அவர் மெயிலுக்கு மட்டும் கொடுங்கள். கேட்காமலே நீங்கள் இதைச் செய்தால் அந்த வீட்டுப் பெண்கள் அடுத்த கல்யாணத்துக்கும் உங்களிடம்தான் வருவார்கள்.

அழைப்பிதழ், ஆல்பம் அட்டை எல்லாம் டிசைன் செய்கிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். பாமினி, ஸ்ரீலிபி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த ஃபைலை மட்டும் எடுத்து வைத்தால் பத்து வருஷம் கழித்துத் திறக்கும்போது தமிழ் இருக்காது, ஆங்கில எழுத்துக் குப்பைதான் இருக்கும். அந்த எழுத்துரு ஃபைலையும், முடிந்த டிசைனின் பிடிஎஃப் ஒன்றையும் அதே ஃபோல்டரில் போட்டுவையுங்கள். ஃபோல்டர் பெயரை 2025-09-04 என்று தேதியில் ஆரம்பியுங்கள். ‘புதுசு’, ‘புதுசு ஃபைனல்’, ‘ஃபைனல் இதுதான்’ என்கிற பெயர்களைப் பார்த்துப் பார்த்து என் கண் பூத்துப்போயிற்று.

ரசீதிலும் ஒரு வரி அச்சடியுங்கள்: ‘டெலிவரி தேதியிலிருந்து ஆறு மாதம் வரைதான் ரா வீடியோ பாதுகாக்கப்படும்.’ அப்புறம் மூன்று வருஷம் கழித்து ஒருவர் வந்து மாமனார் பேசிய முழு வீடியோவும் வேண்டும் என்று கேட்டால் சண்டை வராது. உங்கள் டிஸ்கும் நிரம்பாது.

வைகாசி ஒன்றாம் தேதி சிரசு திருவிழாவைப் படம் எடுக்கப் போவீர்கள், அதற்குள் இதை அமைத்துவிடுங்கள். அன்று ராத்திரி கார்டை கம்ப்யூட்டரில் போட்டு இரண்டு டிஸ்குக்கும் நகல் எடுத்த பிறகு, மூன்று இடத்திலும் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பாருங்கள். கார்டில் 1,847 என்றால் இரண்டு டிஸ்கிலும் 1,847 இருக்க வேண்டும். வீட்டு டிஸ்கிலிருந்து நாலு படத்தையும் ஒரு வீடியோவையும் திறந்து, வீடியோவைக் கடைசி நிமிஷத்துக்கு இழுத்து ஓட்டிப் பாருங்கள். ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்துவிட்டு டிஸ்கைக் கழற்றுங்கள். வீட்டு டிஸ்க் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும், அதையும் கேமராவிலேயே.